காதுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் எழுத்தில் உச்சரிப்புப் போட்டு வெளியிடுகிறீர்கள். எங்கள் பள்ளிக்கு வரும் பிரதியில் அந்தப் பகுதியைப் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அவ்வளவு அக்கறையோடு படிக்கப்படுகிற பகுதி என்பதால்தான் இந்தக் கடிதம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை ஆங்கிலம் நடத்துகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து பாடத்தை வாசிக்கிறான். பி-ஈ-ஏ-ஆர் என்ற சொல் வருகிறது. 'பியர்' என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. அவன் உட்கார்ந்துவிடுகிறான். அடுத்த வாரம் அவனை எழுப்புவதே பெரும்பாடு. ஆனால் அதே பையனிடம் அவன் தங்கை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையின் பெயரைக் கேளுங்கள், 'டெடி பேர்' என்று சரியாகச் சொல்வான். எச்-ஈ-ஏ-ஆர்-டி என்று பாடத்தில் பார்த்தால் 'ஹியர்ட்' என்று வாசிக்கிற பெண், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 'ஹார்ட் அட்டாக்' வந்ததைச் சொல்லும்போது தடுமாறுவதே இல்லை. அப்பா எலக்ட்ரீஷியனாக இருக்கும் பிள்ளை வீட்டில் 'எர்த் ஒயர்' என்கிறது, புத்தகத்தில் 'இயர்த்' என்கிறது. 'கேப்டன்' என்றால் விஜயகாந்த் என்று ஊருக்கே தெரியும். அதையே எழுத்தில் பார்த்தால் 'கேப்டெய்ன்' ஆகிவிடுகிறது. கடையில் வாங்குவது 'பிரெட்', பாடத்தில் இருப்பது 'ப்ரீட்'.

பிள்ளைகளின் காதில் ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் காதையும் புத்தகத்தைப் பார்க்கும் கண்ணையும் நாம் சேர்த்து வைப்பதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். ஆங்கில எழுத்துக்கூட்டலை எழுத்தின் வழியாகவே சொல்லிக் கொடுக்கிறோம், ஒலியின் வழியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. இது அதிகமாக அடிபடுகிற இடம் டிப்தாங் என்று நாங்கள் பி.எட்.டில் படித்த உயிரொலிகள். ஒரே அசைக்குள் ஓர் உயிரில் தொடங்கி இன்னோர் உயிரை நோக்கி நகரும் ஒலிகள் அவை. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 44 ஒலிகள், அதில் உயிரொலி 20, அந்த 20-இல் 12 தனி உயிர், 8 டிப்தாங் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இந்த 20 ஒலிகளுக்கும் இருக்கிற உயிரெழுத்து ஐந்து. ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு இருபது ஒலியை எழுத வேண்டும் என்றால் எழுத்துகளை ஜோடி சேர்க்கத்தானே வேண்டும்? அந்த ஜோடிகள்தான் நம் பிள்ளைகளைக் குழப்புகின்றன.

ஈ-ஏ-ஆர் என்ற மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காது, பயம், பக்கம், கேள், ஆண்டு என்ற பொருள் தரும் சொற்களில் அது 'இயர்'. கரடி, பேரிக்காய், உடுத்து ஆகியவற்றில் 'ஏர்'. இதயத்தில் 'ஆர்'. பூமி, கற்றுக்கொள், சீக்கிரம் ஆகியவற்றில் இன்னொரு ஒலி. டி-ஈ-ஏ-ஆர் என்ற ஒரே சொல் கண்ணீர் என்றால் ஒரு மாதிரி, கிழி என்றால் வேறு மாதிரி. பாட இறுதியில் தரும் சொற்பட்டியலில் இவை ஒன்றாக வருவதே இல்லை. ஒன்று முதல் பாடத்தில், ஒன்று மூன்றாம் பாடத்தில், ஒன்று அடுத்த ஆண்டில் வரும். பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போடுகிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது.

காதுக்கும் ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள், இரண்டும் 'இயர்' தான். அதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தமிழில் யி, யீ என்று எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை. நாக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதைக் கரும்பலகையில் சொல்லி, 'யா' என்று தொடங்கி மெல்ல 'யி'க்கு வரச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பீரியடில் பிடித்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பில் அதையே செய்யச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள். வயது அப்படி.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்வதாக நாம் சொல்லும் பல தவறுகள் உண்மையில் தமிழ் இலக்கணத்தின் வேலை. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ய் அல்லது வ் வைத்துச் சேர்ப்பது நம் மொழியின் இயல்பு. உடம்படுமெய் என்று தமிழாசிரியர் ஒன்பதாம் வகுப்பில் நடத்துவதைப் பிள்ளை மூன்று வயதிலேயே வாயால் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எண்ணெயைக் குறிக்கும் ஓரசை ஆங்கிலச் சொல் நம் வாயில் 'ஆ-யில்' என்று இரண்டாகிறது. நகரம் 'ட-வுன்' ஆகிறது. வீடு 'ஹ-வுஸ்' ஆகிறது. நான் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்வேன். தமிழில் பேசும்போது 'டவுன் பஸ்' என்றால் டவுனுக்கு இரண்டு தட்டு. அது தமிழுக்குள் வந்துவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும். ஆங்கிலப் பாடத்தை வாசிக்கும்போது ஒரே தட்டு. இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டால் 'நீ சொல்வது தப்பு' என்று ஒரு பிள்ளையிடமும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அம்மா சொல்வது தப்பு என்ற எண்ணமும் அதற்கு வராது.

தமிழிலிருந்து கிடைக்கும் உதவி இன்னும் ஒன்று உண்டு. ஐ, ஔ இரண்டும் நகரும் உயிர்கள்தான். 'அகர இகரம் ஐகாரம் ஆகும்', 'அகர உகரம் ஔகாரம் ஆகும்' என்று தொல்காப்பியர் எழுதியிருப்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது ஏழாம் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாமும் ஐயா என்றும் அய்யா என்றும் எழுதுகிறோம், ஔவை என்றும் அவ்வை என்றும் எழுதுகிறோம். ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துமுறை நமக்குப் புதிதா என்ன? இங்கிருந்து தொடங்கினால் ஆங்கிலம் ஏமாற்றுகிற மொழி என்ற பயம் பாதி குறைகிறது. ஆங்கில ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் தமிழாசிரியர் ஒருவரையும் உட்கார வையுங்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

வகுப்பில் நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். தெருவில் கேட்கும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கிரிக்கெட் விளையாடும் பையன்களிடமிருந்து அவுட், பவுண்டரி, ரவுண்டு வரும். அப்புறம் சவுண்டு, பவுடர், டவுன், கவுன், பிரவுன். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதியபின் எதுவும் சொல்லாமல் நிற்பேன். சிறிது நேரத்தில் ஒரு குரல் வரும்: "டீச்சர், சிலதுல ஓ-யு, சிலதுல ஓ-டபிள்யூ." அந்தக் கண்டுபிடிப்பு அவர்களுடையது. டபிள்யூ எங்கே வருகிறது என்று தேடச் சொன்னால், சொல்லின் கடைசியில் வருகிறது, கடைசியில் ஒற்றை என் அல்லது எல் வந்தால் அதற்கு முன்னால் வருகிறது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பவுடர் மட்டும் இதற்குள் அடங்காது. அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறோம். இதே மாதிரி ஆயில், காயில், காயின், பாயின்ட், ஜாயின் ஒரு பக்கம், டாய், பாய், என்ஜாய் இன்னொரு பக்கம். நடுவில் ஓ-ஐ, கடைசியில் ஓ-ஒய். மழையும் ரயிலும் நடுவில் ஏ-ஐ, நாளும் விளையாட்டும் கடைசியில் ஏ-ஒய். ஆங்கிலச் சொற்கள் ஐ என்ற எழுத்தில் முடிய விரும்புவதில்லை. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்ட பிள்ளை எத்தனையோ சொற்களை மனப்பாடம் செய்யாமலே எழுதிவிடுகிறது.

வரிசையும் முக்கியம். நம்பகமான ஜோடிகளை முதலில் தர வேண்டும். ஓ-ஐ, ஓ-ஒய் இரண்டும் பெரும்பாலும் ஒலி மாறாதவை. உயிரெழுத்து முன்னால் ஒட்டாத ஐ-ஜி-எச் எப்போதும் 'ஐ' தான். ஓ-ஏ கிட்டத்தட்ட எப்போதும் 'ஓ' தான். படகு, சாலை, ஆடு, சோப்பு என்று பட்டியல் நீளும். இவற்றில் பிள்ளைக்குத் துணிச்சல் வந்தபிறகு ஓ-டபிள்யூ போன்ற இரண்டு முகம் உள்ளவற்றுக்குப் போகலாம். இப்போது, பசு, நகரம் ஒரு பட்டியல். பனி, காட்டு, சொந்தம், கிண்ணம் இன்னொரு பட்டியல். கிண்ணத்தை 'பவுல்' என்று வாசிப்பது பெரியவர்களிடமும் இருக்கிறது. இதற்கு விதி கிடையாது, இரண்டு பட்டியலையும் வாயால் சொல்லிச் சொல்லித்தான் பதிய வைக்க வேண்டும். ஈ-ஐ-ஜி-எச்-டி என்ற எட்டைப் படித்த கையோடு உயரத்தையும் 'ஹெய்ட்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது தனியாள், 'ஹைட்' என்றுதான் வரும் என்று அதே நாளில் சொல்லிவிட வேண்டும்.

"ஏன் டீச்சர் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பதில் இருக்கிறது. காக்ஸ்டன் என்பவர் 1476-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. ஆனால் அந்த நூற்றாண்டிலும் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளிலும் ஆங்கிலேயர்களின் நெடில் உயிர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. பெயரை முன்பு ஏறக்குறைய 'நாம' என்றும், நேரத்தை 'டீம' என்றும், வீட்டை 'ஹூஸ்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒலி நகர்ந்துபோனது, எழுத்து நின்றுவிட்டது. 'வருகிறது' என்று எழுதிவிட்டு 'வருது' என்று பேசுகிற பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் லண்டன் உச்சரிப்பைக் கேட்கவில்லை. பேருந்து நிலையச் சுவரெல்லாம் பிரிட்டிஷ் ஆக்சென்ட் சொல்லித் தருவதாக விளம்பரம் ஒட்டியிருக்கிறது. கூலி வேலை பார்க்கும் பெற்றோர் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். மனது பொறுக்கவில்லை. பெயர், கோட்டு, சாலை போன்ற சொற்களில் ஆங்கிலேயர் 'எஇ', 'ஒஉ' என்று நகர்த்துவதை நாம் 'ஏ', 'ஓ' என்று நேராகச் சொல்கிறோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஹைதராபாத்தில் இன்று இஃப்லு என்ற ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்தில் பணியாற்றிய ஒலியியலாளர் ஆர்.கே.பன்சால், படித்த இந்தியர்கள் பொதுவாகப் பேசும் ஆங்கிலத்துக்கு 17 உயிரொலிகள், அவற்றில் நகர்பவை ஆறுதான் என்று விவரித்திருக்கிறார். விடுபட்ட இரண்டும் இந்த 'எஇ', 'ஒஉ' தான். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவற்றை நம்மைப் போலவே நேராகச் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆகவே 'நேம்' என்று சொல்கிற பிள்ளையை 'நெஇம்' என்று இழுக்க வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நேரத்தில் கரடியையும் பியரையும் பிரித்துக் காட்டுங்கள், காதையும் ஆண்டையும் பிரித்துக் காட்டுங்கள். கேட்பவருக்குப் பொருள் மாறிப்போகிற இடங்கள் அவைதான்.

தேர்வுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. பிள்ளை வாய் திறந்து ஒரு சொல் சொல்ல அதில் இடமில்லை. ஆனால் பாட்டுப் பகுதியில் ஒரே ஒலியில் முடியும் ரைமிங் வேர்ட்ஸ் கேட்கிறார்கள், எந்த வரி எந்த வரியோடு இயைகிறது என்ற ரைம் ஸ்கீம் கேட்கிறார்கள். அது காதால் விடை சொல்ல வேண்டிய கேள்வி. நம் பிள்ளைகள் கைடில் இருப்பதை உருப்போட்டு எழுதுகிறார்கள். பாடநூலின் முதல் பாட்டு ஹென்றி வான் டைக்கின் 'லைஃப்'. அதன் முதல் நான்கு வரிகள் ஆண்டு, ஆன்மா, இலக்கு, மறைந்துபோ என்ற சொற்களில் முடிகின்றன: இயர், சோல், கோல், டிஸப்பியர். முதலும் நான்காவதும் ஒரு ஒலி, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு ஒலி. ஆன்மாவை 'சவுல்' என்று வாசிக்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? ஆனால் 'கோல்' எல்லாருக்கும் தெரியும், ஃபுட்பால் ஆடாத ஊர் உண்டா? கோலோடு இயைய வேண்டும் என்றால் மேல்வரிச் சொல் எப்படி ஒலிக்க வேண்டும் என்று கேட்டால், 'சோல்' என்று அவர்களே சொல்கிறார்கள். உச்சரிப்பும் வந்தது, ஓ-யுவுக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்பதும் வந்தது, தேர்வுக் கேள்விக்கு விடையும் வந்தது. பாட்டைச் சத்தமாகப் படிக்காமல் பாட்டு நடத்துவதில் என்ன இருக்கிறது?

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு முதல் எட்டு வரை, வகுப்பிலேயே அவ்வப்போது நடத்தும் வளரறி மதிப்பீட்டின் மதிப்பெண் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரு பங்கை டிக்டேஷனுக்கும் சத்தமாக வாசிப்பதற்கும் என்று கட்டாயமாக ஒதுக்குங்கள். நாலு கோடு நோட்டில் வாரம் ஒருமுறை டிக்டேஷன் எழுதியது ஒரு காலத்தில் எல்லாப் பள்ளியிலும் இருந்தது. இப்போது ஆசிரியர் விரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஹைடெக் லேபில் கணினியோடு ஹெட்போனும் இருக்கிறது. நல்ல ஒலிப்பதிவைக் கேட்டுத் தானும் சொல்லிப் பார்க்க அதைவிட வசதி வேண்டாம். ஆங்கிலத்துக்கென்று வாரத்தில் ஒரு பீரியட் அங்கே ஒதுக்கித் தந்தால் போதும். ஒலிக்குறிகளை எல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். அகராதியைத் திறக்கும் வயதில் அவை உதவும். சின்ன வகுப்பில் அதையும் ஒரு மனப்பாடமாக ஆக்கிவிட வேண்டாம்.

உங்களிடம் கேட்பது மாணவர் பக்கத்தைப் பற்றி. இப்போது அகரவரிசையில் அல்லது தலைப்பு வாரியாகச் சொற்களைத் தருகிறீர்கள். வாரம் ஓர் ஒலியை எடுத்துக்கொண்டு, அந்த ஒலி எந்தெந்த எழுத்து ஜோடிகளில் வரும் என்று குடும்பம் குடும்பமாகத் தந்தால் ஆசிரியர்கள் அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போவார்கள். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்புப் போடும்போது அது ஓரசையா ஈரசையா என்பதையும் ஒரு சிறு கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். 'டவுன்' என்று அச்சில் பார்க்கும் பிள்ளை இரண்டு அசையாகத்தான் வாசிக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரத்துக்கு ஓ-ஐ, ஓ-ஒய் குடும்பம் பொருத்தமாக இருக்கும். ஆமையையும் தேவாலயப் பாடகர் குழுவையும் தவிர்த்தால் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் சொற்களில் அநேகமாக விதிவிலக்கே வராது. ஈ-ஏ-ஆர் குடும்பத்தைக் கொஞ்சம் பிந்தி, நான்கு பட்டியலாக, ஒரே நாளில் போடுங்கள். வகுப்பில் பிள்ளைகள் சேர்த்துத் தந்த பட்டியல்கள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் தட்டச்சு செய்து அனுப்பி வைக்கிறேன்.

அரசுப் பணியில் இருப்பதால் பெயரைத் தவிர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை,
அருப்புக்கோட்டை வட்டாரம்,
விருதுநகர் மாவட்டம்.